தீவுல கல்யாணம்: முதலில் ஆள், அப்புறம் பேப்பர், கடைசியில்தான் கலர்

ரீல்ஸைத் திறந்தால் போதும். நீலக் கடல், தேன் நிறக் கல் மதில், அதன் மேல் வழியும் காகிதப்பூக் கொத்து, நடுவில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. பார்க்கிற யாருக்கும் "நம்ம கல்யாணமும் இப்படி நடந்தா எப்படி இருக்கும்?" என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்யும். அந்த நொடியில் 'சேவ்' செய்து வைக்கும் படங்கள்தான் பல ஜோடிகளுக்குத் திட்டத்தின் முதல் பக்கம். முதலில் கலர் தீம் முடிவாகிறது. அதற்கேற்ற இடம் தேடப்படுகிறது. இடம் கிடைக்கும் தேதி குறிக்கப்படுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான், "சரி, யார் யாரைக் கூப்பிடலாம்?" என்ற பேச்சு வருகிறது.

சிக்கல் இந்த வரிசையில்தான் இருக்கிறது. இதைத் தலைகீழாக மாற்றினால் செலவு குறைகிறதோ இல்லையோ, கல்யாணம் அந்த இருவருடையதாக இருக்கும். அது எப்படி என்று பார்க்க, மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் மால்டாவை எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் மால்டா?

இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகள். மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரைவிடக் குறைவு. ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் இந்தத் தனி நாட்டுக்கு 2024இல் வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல்.

மால்டீஸ் மொழியுடன் ஆங்கிலமும் இங்கே ஆட்சிமொழி. படிவம், ஒப்பந்தம், சான்றிதழ் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக நாள் கணக்காகாது. வெளிநாட்டு ஜோடிகள் இந்தத் தீவைத் தேடிப் போவதற்கு, கடலின் நீலத்தோடு இந்த வசதிகளும் காரணம்.

முதல் கேள்வி: யார் வர முடியும்?

வெளிநாட்டுத் தீவில் கல்யாணம் என்று முடிவெடுத்த நொடியே, அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே பாதி விருந்தினர் பட்டியல் தானாகக் குறைந்துவிடும். பணம் அதற்கு ஒரு காரணம்தான். பாஸ்போர்ட், விசா, விடுமுறை, முழங்கால் வலி என்று மற்ற காரணங்களும் வரிசையில் நிற்கும்.

மால்டா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு விருந்தினருக்கும் ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். நிராகரித்தால் கட்டணம் திரும்பி வராது. சென்னையிலிருந்து நேரடி விமானமும் கிடையாது. துபாய் போல ஏதாவது ஒரு ஊரில் இறங்கித்தான் மாற வேண்டும்.

"பாட்டி ஜூம்ல பாத்துப்பாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மாலை மாற்றும்போது பாட்டி பக்கத்தில் இல்லாததை அப்புறம் சரிசெய்ய முடியாது. எனவே முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளில் பத்துப் பெயர்களை எழுதுவது. 'இவங்க இல்லாம இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது' என்ற பத்துப் பெயர்கள். அவர்களில் எத்தனை பேரால் பயணம் செய்ய முடியும், அவர்களின் செலவை யார் ஏற்பது என்பதை வெளிப்படையாகப் பேசிய பிறகு தீவுப் பக்கம் போகலாம். நான்கு பேரால் வர முடியாது என்றால், ஊரில் ஒரு சின்னச் சடங்கு, தீவில் ஒரு கொண்டாட்டம் என்று இரண்டாகப் பிரிப்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது: சட்டப்படியான கல்யாணமா, சடங்கு மட்டுமா?

இரண்டுக்கும் வேலைப்பளு வேறு வேறு. மால்டாவில் சட்டப்படி மணம் முடிக்க வேண்டுமென்றால், அந்நாட்டுத் திருமணப் பதிவகத்தில் முன்னறிவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருமணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஏற்க மாட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பின்னாலும் ஏற்க மாட்டார்கள். அந்த அறிவிப்பு குறைந்தது எட்டு நாள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். பிறப்புச் சான்றிதழ், வேறு திருமண பந்தத்தில் இல்லை என்பதற்கான சான்று, பாஸ்போர்ட் நகல், இரண்டு சாட்சிகளின் விவரம் ஆகியவை தேவை. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் வேண்டியிருக்கும்.

மணம் முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியாவும் மால்டாவும் அந்த சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால், இங்குள்ள அலுவலகங்களில் சான்றிதழைக் காட்டும்போது அலைச்சல் குறையும்.

எளிய வழி ஒன்றும் உண்டு. ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு, தீவில் சடங்கும் விருந்தும் மட்டும் வைத்துக்கொள்வது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதாக இருந்தால் 30 நாள் அறிவிப்புக் காலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். தீவில் சடங்கு மட்டும் செய்துவிட்டு எங்கும் பதியாமல் விடுவதுதான் ஆபத்து. துணைவர் விசா, காப்பீடு, வீட்டுக் கடன் என்று சான்றிதழ் கேட்கும் நாளில்தான் அது தெரியவரும்.

கத்தோலிக்க முறைப்படி மணம் செய்பவர்களுக்குத் தனி நடைமுறை. சொந்தப் பங்கிலிருந்து ஆவணங்கள் மறைமாவட்டம் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். சடங்கும் பொதுவாகத் தேவாலயத்துக்குள்தான் நடக்கும். "கடற்கரையில பாதிரியாரை வச்சு" என்ற கனவு இருந்தால், அதை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: எந்த மாதம், எந்த இடம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை ஏறக்குறைய இல்லை. வெயிலோ 30 டிகிரியைத் தாண்டும். ஜூனில் சூரியன் மறையவே இரவு எட்டு மணிக்கு மேலாகிவிடும். அந்திப் பொன்னொளியில் படம் எடுத்துவிட்டு விருந்துக்கு உட்காரும்போது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பசி கடந்திருக்கும். அதற்கு முன்பே ஏதாவது சிற்றுண்டி கொடுத்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் இடி மழை திடீரென்று வரலாம். கூரை உள்ள மாற்று இடம் ஒப்பந்தத்திலேயே இருப்பது பாதுகாப்பு.

படத்தில் தெரியாத இன்னொரு விஷயம் காற்று. வடமேற்கிலிருந்து வீசும் 'மய்யிஸ்ட்ரால்' காற்று தீவில் அடிக்கடி வரும் விருந்தாளி. குன்றின் விளிம்பில் நிறுத்திய பூ வளைவையும் மைக் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். முற்றம் வைத்த பழைய மாளிகையோ, மதில் சூழ்ந்த தோட்டமோ என்றால் அந்தக் கவலை இல்லை.

ஊர்க் காலண்டரையும் பார்க்க வேண்டும். கோடையில் வார இறுதிதோறும் ஏதாவது ஒரு ஊரில் 'ஃபெஸ்டா' எனும் புனிதர் திருவிழா நடக்கும். நம்மூர்த் தேர்த் திருவிழா மாதிரி தோரணம், பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, போக்குவரத்து மாற்றம் எல்லாம் உண்டு. ஆகஸ்ட் 15 அரசு விடுமுறையோடு கூடிய பெருவிழா. விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுத்தால் அது இலவச அலங்காரம். தெரியாமல் மாட்டிக்கொண்டால் விருந்தினர் வண்டி நடுத்தெருவில் நிற்கும். தலைநகர் வல்லெட்டாவின் அப்பர் பராக்கா தோட்டத்தில் நண்பகல் சடங்கு வைப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: அதன் கீழே உள்ள பீரங்கி மேடையில் பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கெட்டிமேளத்துக்குப் பதில் அதுவே போதும் என்று நினைப்பவர்களும் இருக்கலாம்.

ஹோமம் வளர்க்க வேண்டுமென்றால், "சின்ன நெருப்புதான்" என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது. பழைமையான கட்டடங்களில் தீ விஷயத்தில் கண்டிப்பு இருக்கும். இடத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கொடுத்த விலையில் 18 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு இசையைக் குறைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

கடைசியாக: கலர்

நிறத்தைக் கடைசியில் வைப்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. மால்டாவில் அதற்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. மர்சஷ்லோக் துறைமுகத்தில் 'லுட்சு' எனப்படும் மீன்பிடிப் படகுகள் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக நிற்கின்றன. முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். கடலில் காப்பாற்றும் என்பது நம்பிக்கை. வல்லெட்டாவின் தெருக்களில் தேன் நிறச் சுண்ணாம்புக் கல் சுவர்களிலிருந்து 'கல்லரியா' எனும் மர மாடங்கள் பச்சையும் சிவப்பும் நீலமுமாக நீண்டிருக்கின்றன. கோடையில் காகிதப்பூவும் அரளியும் தெருவோரமே பூத்துக் கிடக்கும்.

அந்தப் பின்னணியில் மாம்பழ மஞ்சளோ அரக்குச் சிவப்போ கலந்த ஒரு காஞ்சிப் பட்டு போதும். கூடுதல் அலங்காரம் கண்ணை உறுத்தும். கோசோவின் பெண்கள் கையால் பின்னும் சரிகைத் துணியில் ஒரு கைக்குட்டை, அம்மா கல்யாணத்தில் கட்டிய புடவையின் ஓரத்தில் தைத்த மேசை விரிப்பு, மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத்தோடு பட்டாணி வைத்த 'பஸ்டிட்ஸி' என்று இரண்டு ஊரும் கலக்கும் இடத்தில்தான் 'நம்ம கல்யாணம்' என்ற உணர்வு வருகிறது. பஸ்டிட்ஸி மாவில் சில இடங்களில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பார்கள். சைவ விருந்தினர் இருந்தால் கேட்டு வாங்க வேண்டும்.

சீர்வரிசைப் பெட்டியைக் கட்டும் முன்னும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், நெய், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோக முடியாது. பூ, இலை, பெரும்பாலான பழங்களுக்குத் தாவர நலச் சான்று தேவை. மல்லிகைச் சரமும் மாவிலையும் வெற்றிலையும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தச் சான்றிலிருந்து விலக்கு. ஆக, தேங்காயும் வாழைப்பழமும் தட்டில் ஏறும். பூவை அங்கேயே வாங்க வேண்டும்.

தீவு தாங்குமா?

கோசோவின் ட்வேய்ரா கடற்கரையில் 2010இல் ஒரு கல்யாணம் நடந்தது. நிஜமல்ல, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்துக்கான படப்பிடிப்பு. பாதுகாக்கப்பட்ட அந்தப் பாறைத்தளத்தின் மேல் காட்சிக்காக மணல் கொட்டினார்கள். சூழலுக்குச் சேதம் என்று தீவில் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தக் காட்சியின் பின்னணியில் கம்பீரமாக நின்ற 'நீலச் சாளரம்' என்ற பாறை வளைவு, பின்னொரு நாளில், 2017 மார்ச் 8 அன்று வீசிய புயலில் கடலுக்குள் சரிந்தது. வளைவைச் சாய்த்தது இயற்கை. மணல் கொட்டியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மணல் ஒரு பாடம். ஒரு நாள் காட்சிக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டும் எதுவும், மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் அள்ள வேண்டிய குப்பை.

மால்டாவில் நிரந்தர ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்துக் கிடைப்பது. அந்த ஊரில் இருநூறு பேருக்கு பிளாஸ்டிக் கோப்பை, வண்ணப்பொடி, வானில் விடும் பலூன், ஒரு மணி நேர நுரைக் கொண்டாட்டம் என்று திட்டமிடுவது, விருந்துக்குப் போன வீட்டுக் குடத்தைக் கவிழ்ப்பது போலத்தான். இருபது முப்பது பேர், அந்த ஊர்ச் சமையல், அந்த ஊர்ப் பூ, வாடகைக்கு எடுத்த பாத்திரம் என்று நடக்கும் கல்யாணத்தில் இந்தச் சங்கடமே வராது.

தீவுக் கல்யாணம் ஆடம்பரம், அதனால் வேண்டாம் என்று ஒதுக்குவது சுலபம். ஊரிலேயே ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டு, பாதிப் பேரின் பெயர் தெரியாமல் மேடையில் நின்று கால் வலிக்கும் கல்யாணத்தைவிட, முப்பது பேருடன் ஒரு முற்றத்தில் நடப்பது நெருக்கமாக இருக்கக்கூடும். செலவும் சில நேரம் குறையக்கூடும். ஆனால் அந்த முப்பது பேர் யார் என்பதை விசா அலுவலகமும் அலங்காரப் பட்டியலும் முடிவு செய்துவிடாமல், மணமக்களே முடிவு செய்ய வேண்டும்.

'சேவ்' செய்த படங்களை அழிக்க வேண்டியதில்லை. அவற்றைத் திறப்பதற்கு முன், அந்தப் பத்துப் பெயர்களையும் எழுதி முடித்து, ஒவ்வொருவரிடமும் "பாஸ்போர்ட் இருக்கா? வர முடியுமா?" என்று ஒரு போன் போட்டுவிட்டால் போதும். திட்டமிடலின் முதல் நாள் அதுதான்.