இருந்தும் இல்லார் போல்

கடன் தீர்ந்தது, வீடு எழும்பியது, இனி உழைக்காவிடினும் அடுப்பெரியும் என்னும் நிலையும் வந்துவிட்டது. ஆயினும், வளைகுடாவில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பழக்கம் உங்களை விட்டபாடில்லை. இல்லாளுக்கு ஒரு நல்ல சேலை எடுக்கவும் கை நடுங்குகிறது. இதனைப் பேணுதல் என்றும் எண்ணிக்கொள்கிறீர்கள்!

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் ஒருவர் எளிய, மட்டமான ஆடையுடன் வந்தார். பொருள் உண்டா எனப் பெருமானார் வினவினார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை யாவும் உண்டென்றார் அவர். அவ்வாறாயின் இறைவன் வழங்கிய அருளின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் எனப் பணித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. நல்லாடை உடுத்துவதும் நன்றி செலுத்தும் வகையே என்பதன்றோ இதன் கருத்து?

அண்டை வீட்டார் பளிங்கு பதித்தார் என்பதற்காக நாமும் பதிப்பது வேறு. திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான் அத்தியாயம், 67ஆம் வசனம், வீண்விரயத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒருசேர விலக்குகிறது. ஓராண்டு நிறைந்த சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தைக் கணக்கிடாதவர், விருந்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதை ஒப்புவதற்கில்லை. கொடுத்து முடித்தவரோ மனைவியுடன் உம்ரா செல்லட்டும். பழைய கட்டிலை மாற்றட்டும். அதற்காக அவர் எவர் முன்னும் கூச வேண்டியதில்லை.