வால்வைத் திருகுகிறவரைக் கேட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் நகராட்சி புதிய கேட் வால்வுகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கும் அறிவிப்பில், விட்டம், எண்ணிக்கை, முன்வைப்புத் தொகை எல்லாம் பிரமாதமாக அச்சாகியிருக்க, அந்த வால்வு தினம் எத்தனை தடவை திறந்து மூடப்படும் என்னும் பிரதான விஷயம் மட்டும் எங்குமே காணப்படாதது கண்டு, குடிநீர்ப் பணியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற நான் இந்த ஆட்சேபத்தை எழுத நேர்ந்தது.

இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் நீர் நிற்கும் ஊரில், கேட் வால்வு என்பது மராமத்துச் சமயத்தில் மட்டும் மூடப்பட்டு, மற்ற காலமெல்லாம் முழுக்கத் திறந்தபடி மண்ணுக்குள் நித்திரை செய்யும் சாதனம். எங்கள் ஊரிலோ தெருவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதால், வால்வுக்காரர் விடியுமுன் சாவியைச் செருகி, ஆறு அங்குல வால்வை ஏறக்குறைய இருபது சுற்றுச் சுற்றித் திறந்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் மூடுகிறார். மேட்டுத் தெருவுக்கு நீர் ஏறட்டுமென்று பள்ளத் தெரு வால்வைப் பாதியில் நிறுத்துவதும் உண்டு; அப்படி நின்ற வால்வின் உட்கதவு நீரின் வேகத்தில் அதிர்ந்து தன் முகத்தைத் தானே தேய்த்துக்கொள்ளுமாதலால், அந்த இடத்துக்குக் கேட் வால்வே உகந்ததன்று.

உலோகத்தோடு உலோகம் பொருந்தும் பழைய ரகத்தில், காலிக் குழாயில் நீர் பாயும் போதெல்லாம் அடித்துவரும் மணலும் துருவும் கதவு அமரும் அடிப்பள்ளத்தில் தங்கிவிட, கதவு முழுக்க இறங்காது. பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் கதவை ஏற்றி இறக்கும் தண்டான ஸ்பிண்டில் முறியும். சென்ற ஐப்பசியில் எங்கள் தெரு வால்வு இவ்விதம் முறிந்து கிடந்தபோது குழாயும் உடைய, அதைச் சரிசெய்ய இரண்டு வால்வு தள்ளி அடைக்க வேண்டியதாகி, நான்கு தெருக்காரர்கள் மூன்று நாள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். ரப்பர் போர்த்திய கதவுள்ள ரகத்தில் அந்தப் பள்ளமே கிடையாது. விலை சற்று அதிகந்தான். முறிந்த வால்வை மாற்றத் தார்ச்சாலையைத் தோண்டி மூடும் செலவை யார் கணக்கில் எழுதுவதோ!

வால்வுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 14846-இன் முத்திரை போதாதா என்பார்கள். பி.என். 1.0 என்னும் அழுத்த வகை வால்வின் உடலை 1.5 மெகாபாஸ்கலிலும் அடைப்பை 1 மெகாபாஸ்கலிலும் சோதிக்கச் சொல்லும் அந்த விதி நல்ல விதியே. ஆனால், வாங்கும் தினத்தில் கசியாது என்பதற்குத்தான் அது சாட்சி, மணல் படிந்த பிறகு கசியாது என்பதற்கு அன்று.

ஒப்பந்தப்புள்ளி திறக்க இன்னும் சில தினங்கள் இருக்கின்றன. அதற்குள் வால்வுக்காரர்களை அழைத்து உட்காரவைத்து, எந்தக் குழியில் எத்தனையாவது சுற்றில் சாவி நின்றுவிடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுமாறு நகராட்சித் தலைவரைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவன்