பெயர் தெரியும், மரம் தெரியுமா?

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் வரலாற்றுப் பாடத்தில் பரமேஸ்வராவின் கதையைப் படித்தேன். அவர் மலாக்கா மரத்தடியில் ஓய்வெடுத்தார். அம்மரத்தின் பெயரையே ஊருக்கும் சூட்டினார் என்பது மரபு. இரு பாடங்களிலும் நல்ல புள்ளிகள் பெற்றேன். ஆனால், இரண்டும் ஒரே மரம் என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தெரிந்தது.

சென்ற ஆண்டு, விடுதிக்குப் பின்னால் நின்ற மரத்தைக் காட்டி, "இது புளியமரம்" என்று முதலாண்டு மாணவர்களிடம் சொன்னேன். புல் வெட்டிக்கொண்டிருந்த பாக்சிக் சிரித்தார். "இது போக்கோ மலாக்கா, அடிக்" என்று கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடித்தேன். நெல்லிக்காய்! தமிழ்மொழிக் கழகச் சட்டையோடு நின்ற எனக்கு வெட்கமாகிவிட்டது.

தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டின் இலையும் இறகு போலத்தான் தெரியும். கையில் எடுத்தால் வேறுபாடு புரியும். புளியின் சிற்றிலைகள் எதிரெதிரே, இணை இணையாக இருக்கும். கொழுந்தை மென்றால் புளிக்கும். நெல்லி இலைகள் இன்னும் குறுகலானவை. மெல்லிய குச்சியின் இருபுறமும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பட்டையைத் தடவினால் ஐயமே இராது. புளியின் பட்டை கருமையாக, ஆழமாக வெடித்திருக்கும். நெல்லியின் பட்டை வெளிர் நிறம். மெல்லிய செதில்களாக உரியும்.

நம் முன்னோர் இப்படிப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். மாலையில் இலை மடிக்கும் மரத்தை நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி என்கிறார்கள். இரு மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டிருக்கிறார்கள். நாமோ காட்சியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மனனம் செய்கிறோம். மொழியைக் காப்போம் என்று மேடையில் முழங்கும் நாம், அந்த மொழி எதைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டாமா?

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால் கொழுந்தின் புளிப்பும் பட்டையின் சொரசொரப்பும் படத்தில் வரா. கைப்பட அறிந்தது எளிதில் மறக்காது.

ஆகவே, கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். புதிய மாணவர்களை வரவேற்கும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவோம். வளாகத்தில் பத்து மரங்களைத் தொட்டு, முகர்ந்து, தமிழிலும் மலாயிலும் பெயர் சொல்லிப் பழகுவோம். செலவு ஏதுமில்லை, மண்டபமும் வேண்டாம். வழிகாட்ட அந்தப் பாக்சிக்கையே அழைப்போம். எனக்கு நெல்லியைக் காட்டித் தந்தவர் அவர்தானே!