11 மாச அக்ரிமென்ட் வீட்டுக்கு 12 மாச ஃபைபர் பிளான் எதுக்கு?



லேண்ட்லைன் ஒயர்ல வர்ற பழைய காப்பர் பிராட்பேண்டை விட்டுட்டு ஃபைபருக்கு மாறலாமா? தாராளமா மாறுங்க. அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காப்பர்ல வர்ற ஏடிஎஸ்எல்2+ எக்ஸ்சேஞ்ச் பக்கத்துலயே வீடு இருந்தாலும் அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ்தான். தூரம் கூடக் கூட ஸ்பீடு குறையும். அப்லோடு 1 எம்பிபிஎஸ் அளவுலதான் நிக்கும். ஜாயின்ட்ல மழைத்தண்ணி இறங்கினா லைன் டெட். வீட்ல இருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சரிப்படாது.

என்னோட கவலை நாம ஃபைபர் வாங்குற விதத்தைப் பத்தி. "ஒரு வருஷத்துக்குக் கட்டிடுங்க சார், ஒரு மாசம் ஃப்ரீ"ன்னு சொன்னதும் உடனே பணத்தை அனுப்பிடுறோம். கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒரு மாச ஃப்ரீயோட உண்மையான விலை

மாசம் ₹499 பிளான்னு வெச்சுக்குவோம். விளம்பரத்துல இருக்கிற விலையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 18% சேர்த்தா ₹589. வருஷத்துக்கு ₹7,066. உங்களுக்கு லாபம் ஒரு மாசக் காசு, அதாவது ₹589.

இப்போ 5 மாசம் கழிச்சு பெங்களூருல வேலை கிடைக்குது. இல்லைன்னா ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்றார். போற ஏரியாவுல அந்தக் கம்பெனி ஃபைபர் இல்லை. ரீஃபண்ட் இல்லாத பிளானா இருந்தா மீதி 7 மாசத்துக்கான ₹4,122 போச்சு. ₹589 மிச்சம் பிடிக்க ₹4,122 ரிஸ்க். ஒரு ஷேர்ல இப்படிப் பணம் போடுவீங்களா?

வாடகை வீடுன்னா மாசா மாசம் கட்டுங்க. அதுக்கு இன்ஸ்டலேஷன் சார்ஜ் தனியா கேட்டா, 3 மாச பிளான்ல அது தள்ளுபடி ஆகுமான்னு விசாரிங்க. சொந்த வீடா? ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பார்த்து, சர்வீஸ் திருப்தின்னா வருஷ பிளானுக்குப் போங்க. தப்பே இல்லை.

எவ்வளவு ஸ்பீடு தேவை?

நெட்ஃபிளிக்ஸ்ல ஒரு 4கே படம் ஓட 15 எம்பிபிஎஸ் போதும். ஒரு டிவியில 4கே, ரெண்டு லேப்டாப்ல வீடியோ கால், நாலு போன் எல்லாம் ஒண்ணா ஓடினாலும் 50 எம்பிபிஎஸ் தாங்கும். பெட்ரூம்ல நெட் வரலைன்னா, முதல்ல ரௌட்டரை வீட்டுக்கு நடுவுல மாத்திப் பாருங்க. அதுக்காக ₹499-லருந்து ₹999 பிளானுக்குத் தாவினா ஜிஎஸ்டியோட மாசம் ₹590 அதிகம், வருஷத்துக்கு ₹7,080. மாசம் ₹500-ல எஸ்ஐபி ஆரம்பிக்கலாம், ஞாபகம் இருக்கட்டும்.

மாறும்போது மறக்கக் கூடாதது

- வீட்டுக்குள்ள வர்றது மெல்லிய ஃபைபர் ஒயரா, இல்லை மாடி வரைக்கும் ஃபைபர் வந்து அங்கிருந்து லேன் கேபிளான்னு கேளுங்க. ரெண்டையும் "ஃபைபர்"னுதான் விப்பாங்க.
- பழைய லைனைப் பயன்படுத்தாம விட்டா மட்டும் பில் நிக்காது. யார் பேர்ல இருக்கோ அவங்க எழுத்துல சரண்டர் பண்ணணும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கி, டெபாசிட்டையும் கேளுங்க. முதல்ல ஃபைபர் ஓடட்டும், அப்புறம் பழசை வெட்டுங்க.
- பழைய லேண்ட்லைன் போனுக்கு கரண்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்தே வந்துச்சு. ஃபைபர் பாக்ஸுக்கு வீட்டு கரண்ட் வேணும். ஊர்ல அப்பா அம்மா தனியா இருந்தா ஒரு மினி யுபிஎஸ் சேர்த்து வாங்கிடுங்க.
- ஆபீஸ்ல இன்டர்நெட் பில் ரீஇம்பர்ஸ்மென்ட் உண்டா? அப்போ கனெக்‌ஷன் உங்க பேர்லயே இருக்கட்டும். ரூம்மேட் பேர்ல பில் இருந்தா ஹெச்ஆர் ஏத்துக்காம போகலாம். பில் காட்டாம சம்பளத்தோட அலவன்ஸா வந்தா, அதுக்கு வரி உண்டு.

ஃபைபர் தேவையான செலவுதான். ஆனா அதுக்கு எத்தனை மாசம் முன்பணம் கட்டணும்னு முடிவு பண்ண வேண்டியது உங்க வாடகை அக்ரிமென்ட், சேல்ஸ் பண்ற தம்பி இல்லை.

நீங்க எந்த பிளான்ல இருக்கீங்க, மாசமா வருஷமா? கமென்ட்ல சொல்லுங்க.