பழைய வண்டியும் புதிய மூச்சும்

பாலையூற்றில் என் இல்லத்து முன்றிலில், தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் வண்டி நிற்கின்றது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எழுதினார்: “ஐயா, காபரேற்றரைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திரொட்டிலும் இன்ஜெக்டரும் பூட்டுவோம், செலவு என்னுடையது.” அன்பு பெரிது, ஆயினும் அதனை ஏற்க என் மனம் இசையவில்லை. காரணத்தை இவ்விழா மலரிற் கூறுதல் மாணவர்க்கும் பயன்படும்.

தனித் திரொட்டில்களின் சிறப்பை யான் மறுக்கவில்லை. திரொட்டிலுக்கும் வால்வுக்கும் இடைத்தூரம் குறுகுவதால், மிதித்த மாத்திரத்தே எஞ்சின் விழித்தெழும். உயர்ந்த சுழற்சியில் வலுவும் பெருகும். 1990களில் தொயோற்றா நிறுவனம் தன் இருபது வால்வு எஞ்சினை இவ்வாறே அமைத்து விற்றது. ஆனால் அவ்வெஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி உண்டு. எம் மோரிஸ் மைனரிலோ நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றுப் புகும் வழிகள் இரண்டே. இரண்டு வாயிலுள்ள வீட்டில் நான்கு கதவுகளை எங்கே மாட்டுவது? எஞ்சினின் தலைப்பகுதியையே மாற்றவேண்டும். 1996இல் இதே குடும்பத்து எஞ்சினையுடைய மினி காரைத் திருத்தியமைத்த பொறியியலாளரும், இரு வழிகளுக்கு இரு இன்ஜெக்டர்களும் பொதுவாய் ஒரு திரொட்டிலுமே வைத்தனர். மேலும், ஓட்டத்தைக் கூட்டுவோன் முதலில் பிறேக்கை எண்ணவேண்டும். மைனரின் பிறேக் அக்காலத்து வேகத்துக்கே அளவிடப்பட்டது.

1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி நூலை மீட்டார். சிதைந்ததைச் செப்பனிடுதல் வேறு. தம் விருப்பப்படி புதிதாய் எழுதிப் பழைய பெயரைச் சூட்டுதல் வேறு.

2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டை நினைவூட்டி, “சிக்கனம் வேண்டாமோ?” எனச் சிலர் வினவலாம். வேண்டும். அதற்கு ஒற்றைத் திரொட்டிலுடைய எளிய இன்ஜெக்டர் முறை போதும். கழற்றிய காபரேற்றரை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைத்தால், பின்வருவோர் விரும்பின் மீளப் பூட்டலாம்.

மைனருக்குரிய தகட்டுப் பாகங்களைத் தென்னிலங்கைத் தொழிலாளர் செய்து, அவ்வண்டி பிறந்த பிரித்தானியாவுக்கே அனுப்பியதுண்டு. எம் பிள்ளைகளின் கைகளுக்கும் அத்திறன் வாராதோ? ஆதலின் பழைய மாணவர்களே, என் வண்டிக்கென எண்ணிய பொருளை எம் மாணவர் கையிற் பிடித்துப் பழகும் கருவிகளாக அனுப்புங்கள். விடுமுறையில் வரும்போது அவர்களுடன் ஒரு நாள் எஞ்சின் திறந்து இருங்கள். என் வண்டி மெல்லவே ஓடட்டும், அவர்கள் முந்தட்டும்.