ஆலை விபத்து: தொழிலாளிக்கு ஒரு நீதி, ஊராருக்கு ஒரு நீதி?

புது தில்லி: நச்சு வாயு கசிந்தால், பாதிக்கப்பட்டவர் ஆலைக்கு உள்ளே இருந்தாரா, வெளியே இருந்தாரா என்பதைப் பொருத்தே அவரது சட்ட உரிமையும் அமைகிறது.

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம், பூதலப்பட்டு அருகே ஹட்சன் பால் ஆலையில் 2020 ஆகஸ்டில் அமோனியா கசிந்ததில் 14 தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி (1991), அலட்சியத்தை நிரூபிக்காமலேயே நிவாரணம் பெறலாம். உயிரிழப்புக்கு அப்போதைய வரம்பு ரூ. 25 ஆயிரமே. எனினும், கூடுதல் இழப்பீடு கோரி வழக்குத் தொடரும் உரிமையை 8-வது பிரிவு காக்கிறது.

ஆனால், ஆலைத் தொழிலாளர்களுக்கு இச் சட்டம் பொருந்தாது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தவர்கள், 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, நிறுவனத்திடம் வேறு இழப்பீடு கோர அப்போது இயலவில்லை. உச்ச நீதிமன்றம் 1996-ல் இத் தடையை உறுதி செய்தது.

ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனம் எவ்வளவு பெரியதோ, இழப்பீடும் அவ்வளவு பெரியதாக வேண்டும் என்று தில்லி ஸ்ரீராம் ஆலை வழக்கில் 1986-ல் அதே நீதிமன்றம்தான் கூறியது. அந்த அளவுகோல் தொழிலாளியை எட்டவில்லை.

2023-ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம், காப்பீடு எடுக்கத் தவறும் நிறுவனங்களுக்கான சிறைத் தண்டனையை அபராதமாக மாற்றியது. தண்டனை தளரும்போது இழப்பீட்டு வழக்கே எஞ்சும் கடிவாளம். அதையும் தொழிலாளிக்கு மறுப்பது நியாயமா என்பதை நாடாளுமன்றமே தீர்மானிக்க வேண்டும்.