வாடகையில் கட்டடத்தின் பங்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று நம் பெரியவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் மும்பைக்குக் குடிவந்திருந்தால், கடையை வாங்கி வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று நம்மவர்கள் பரவி வாழும் பகுதிகளில், சொசைட்டிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாலையைப் பார்த்த ஒரு கடை தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம் அல்ல. பெரும்பாலும் பணி ஓய்வின்போது கைக்கு வந்த பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் போட்டு வாங்கியவை இவை. பென்ஷன் இல்லாத கம்பெனியில் முப்பது வருடம் உழைத்தவருக்கு அந்தக் கடைதான் பென்ஷன். அதிலிருந்து வரும் வாடகையில்தான் மாத மருந்துச் செலவும், ஊருக்குப் போய்வரும் ரயில் செலவும் நடக்கின்றன. ஆகவே இதை யாரோ பணக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

கடை வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படி ஆரம்பிக்கும் என்பது நமக்குத் தெரியும். "வாடகை பத்தாம் தேதி ஆனாலும் வருவதில்லை. போன் செய்தால் ஷட்டர் கெட்டுவிட்டது, சுவர் ஊறுகிறது என்று நமக்கே பட்டியல் வாசிக்கிறான்." குறை முழுவதும் வாடகைக்காரர் மேல்தான். வாடகைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று கேட்கவேண்டும் என்பது என் கருத்து. வரும் வாடகை முழுவதும் நம் வருமானம் அல்ல. அதில் ஒரு பங்கு கட்டடத்துக்குச் சேரவேண்டியது. அந்தப் பங்கை நாமே வைத்துக்கொண்டு வாடகைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

வருமானவரிச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. சொத்து வரியைக் கழித்தபின் நிற்கும் வாடகையில் 30 சதவீதத்துக்கு நாம் வரி கட்டவேண்டியதில்லை. செலவு செய்ததற்கு ரசீதும் கேட்பதில்லை. முன்பெல்லாம் பழுதுபார்ப்புக்கும் வாடகை வசூலுக்கும் என்று பெயர் சொல்லியே ஒரு பங்கைக் கழித்தார்கள்; இப்போது பெயர் போய் கழிவு மட்டும் நிற்கிறது. சொத்து வரி போக மாதம் 30,000 ரூபாய் நிற்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3,60,000. அதில் 1,08,000 ரூபாயை வரியில்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு லட்சத்து எட்டாயிரத்தில் எட்டாயிரமாவது கடைக்குள் போகிறதா என்று அவரவர் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

லாப நஷ்டக் கணக்காகவே பார்ப்போம். நல்ல வாடகைக்காரர் ஒருவர் சலித்துப்போய்க் கடையைக் காலி செய்கிறார். அடுத்தவர் வர இரண்டு மாதம் ஆனால் 60,000 போயிற்று. தரகருக்கு ஒரு மாத வாடகை என்றால் இன்னொரு 30,000. வெள்ளை அடிக்காமல் அடுத்தவர் வரமாட்டார் என்பதால் அந்தச் செலவும் எப்படியும் வரத்தான் போகிறது. ஆரம்பத்தில் பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு இவ்வளவு விலை. சிறு துளி பெரு வெள்ளம் என்ற பழமொழி சேமிப்புக்கு மட்டும் சொன்னதல்ல, சுவர்க் கசிவுக்கும் பொருந்தும்.

கசிவு என்றதும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். கீழ்த்தளக் கடையில் தண்ணீர் இறங்கினால் அதற்குப் பொறுப்பாளி மூவரில் ஒருவராக இருக்கலாம். வெளிச்சுவர் வழியாகவோ, பொதுவான தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாயிலிருந்தோ வந்தால் சொசைட்டி தன் செலவில் சரிசெய்யவேண்டும் என்று மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் சொல்கின்றன. மேல் பிளாட்டின் குளியலறையிலிருந்து வந்தால் அந்த பிளாட்காரர் பொறுப்பு. கடைக்குள் ஓடும் நம் குழாயிலிருந்து வந்தால் நாம். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துக் கேட்க வாடகைக்காரருக்கு வழி இல்லை. அவர் சொசைட்டியின் உறுப்பினர் அல்ல. கமிட்டி அவர் கடிதத்தை வாங்கிக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. பொதுக்குழுவில் அவர் எழுந்து பேச முடியாது. உறுப்பினர் நாம். நாம் எழுதாத கடிதத்தை வேறு யாரும் எழுத முடியாது. "நீங்களே செக்ரட்டரியிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று நாம் போனை வைத்துவிட்டால், அவர் இரண்டு பக்கமும் மூடிய கதவுக்கு நடுவில் நிற்கிறார். அடுத்த மாதம் வாடகை தாமதமாக வந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கு எழுதிவிட்டால் பதிவு தேவையில்லை என்ற எண்ணத்தை நம்மில் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கேயும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்ற 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் விதியிலிருந்து பிறந்த வழக்கம் அது. மகாராஷ்டிரத்தில் இது செல்லாது. இங்குள்ள 1999-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வாடகையானாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஆனாலும், எத்தனை மாதமானாலும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் ஆகவேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு கட்டடக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதைவிட முக்கியமானது இன்னொன்று. பதிவான ஒப்பந்தம் இல்லாதபோது தகராறு வந்தால், நிபந்தனைகள் இன்னவை என்று வாடகைக்காரர் சொல்வதே எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும்.

அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாளுக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே பழுதுபார்த்து, அந்தச் செலவை வருட வாடகையில் கால் பங்குக்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம். பழைய பகடிக் கடைகளை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். ஆனால் நம்மவர்களில் அதிகம் பேர் இப்போது கொடுப்பது லீவ் அண்ட் லைசென்ஸ் முறையில். அதில் யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதற்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே ஆதாரம். ஆனால் ஏஜண்டு கொண்டுவரும் அச்சுப் படிவத்தில் "மேஜர் ரிப்பேர் உரிமையாளருடையது, மைனர் ரிப்பேர் லைசென்ஸியுடையது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஷட்டர் ஸ்பிரிங் மேஜரா மைனரா? மீட்டரிலிருந்து வரும் ஒயர் எரிந்துபோனால் யார்? போர்டு மாட்ட வெளிச்சுவரில் போட்ட ஓட்டையில் மழைத்தண்ணீர் இறங்கினால் யார்? சண்டை முழுவதும் எழுதாமல் விட்ட இந்த இடங்களில்தான்.

என் யோசனை எளிமையானது. கூரை, சுவர், தரைக்கு அடியில் போகும் குழாய், மெயின் ஒயரிங், ஷட்டர் ஆகியவை உரிமையாளருடையவை. குழாய்த் திருகு, சுவிட்சு, விளக்கு, பூட்டு, கண்ணாடி, கடைக்குள் அடைத்துக்கொள்ளும் கழிவுக் குழாய், தாம் மாட்டிய போர்டு ஆகியவை கடை நடத்துபவருடையவை. இதைப் பெயர் சொல்லி ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் நான்கு சுவரையும் மீட்டரையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் திருப்பித் தரும் நாளில் பாதிச் சண்டை குறையும்.

இனி, வாடகைக்காரர் பக்கத்துத் தவறுகளுக்கு வருவோம். அவற்றில் மன்னிக்கவே கூடாதது, கேட்காமல் கட்டடத்தில் கைவைப்பது. கடையைப் பெரிதாகக் காட்டத் தூணைச் செதுக்குவது, பீமைத் துளைப்பது, பரண் போட்டு அதில் ஆட்களைத் தூங்கவைப்பது எல்லாம் மும்பையில் நடக்காதவை அல்ல. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் ஒரு குடியிருப்புக் கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் நடந்த மாற்றுவேலைதான் காரணம் என்று வழக்குத் தொடரப்பட்டது. அதே வருடம் டிசம்பர் 18 அன்று சாக்கிநாகாவில் ஒரு பலகாரக் கடையில் தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 12 பேர் மாண்டார்கள். வாடகை மாதாமாதம் வங்கியில் விழுகிறது என்பதற்காக வருடக்கணக்கில் கடைக்குள் காலே வைக்காத உரிமையாளர், உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாளிதழ் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வரக்கூடாது. முன்னதாகச் சொல்லிவிட்டுத் தகுந்த நேரத்தில் போய்ப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒப்பந்தத்திலும் அதை எழுதிக்கொள்ளலாம். அது உரிமை மட்டுமல்ல, மாடியில் தூங்குகிறவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும்கூட.

வாடகை வரவில்லை என்பதற்காகத் தண்ணீரை மூடுவது, மின்சாரத்தை வெட்டுவது போன்ற வீரங்களையும் சிலர் சொல்லக் கேட்கிறேன். வாடகைதாரருக்குக் கிடைத்துவரும் அத்தியாவசிய வசதிகளைத் தகுந்த காரணமின்றி நிறுத்துவதை 29-ஆம் பிரிவு தடுக்கிறது. பாக்கி வசூலுக்கு நோட்டீசும் நீதிமன்றமும் இருக்கின்றன. தாமதமானாலும் அதுதான் வழி.

"கடைக்காரர் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார், அவரே செய்துகொள்ளட்டுமே" என்று ஒரு வாதம் உண்டு. அவர் சம்பாதிப்பது தம் உழைப்பினால், அந்த இடத்துக்கு அவர் வாடகை கொடுத்துவிட்டார். மேலும் இன்று அவர் செய்துகொள்வது ஒப்புக்குப் பூசும் சிமெண்டாகத்தான் இருக்கும். நாளை அவர் போய்விடுவார், ஊறிய சுவரும் துருப்பிடித்த கம்பியும் நமக்கு நிற்கும். "பிள்ளைகள் அமெரிக்காவில், எனக்கு எழுபது வயது, யார் அலைவது?" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போதும். மே மாதம், மழைக்கு முன்னால், நம்பிக்கையான பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது கீழ்த்தளக் கடைகள் என்ன பாடுபட்டன என்பது பழையவர்களுக்கு நினைவிருக்கும். கட்டடத்துக்கு நாமும், சரக்குக்கு அவரும் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமா என்பதையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே பேசிவிடலாம். கட்டடம் முப்பது வருடம் தாண்டியிருந்தால் சொசைட்டி கட்டமைப்புத் தணிக்கை செய்துவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முன்பு சொன்ன 30,000 ரூபாய்க் கடைக்கு மாதம் 3,000. மூன்று வருடத்தில் 1,08,000 சேர்ந்துவிடும். மூன்று வருடத்துக்குச் சேர்த்தும் ஒரே வருட வரிக் கழிவின் அளவுதான் அது. அந்தக் கணக்கிலிருந்து எடுக்கும்போது கையிலிருந்து கொடுக்கும் வலி இராது. பிளம்பரைக் கூப்பிடும் போனும் தள்ளிப்போகாது.

இந்த நகரத்துக்கு நம் முந்தைய தலைமுறை வந்தபோது பெரும்பாலும் வாடகை அறைக்குத்தான் வந்தது. ஒழுகும் கூரையைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த கதைகள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. இன்று அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். எதிரில் நிற்பவர் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ பிழைக்க வந்தவர், மொழிதான் வேறு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென்று ஒதுக்கலாம். நம்மிடையே வழக்கறிஞர்களும் கட்டடப் பொறியாளர்களும் கணக்காளர்களும் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தோடு இணைக்கும் பழுதுபார்ப்புப் பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் தயாரித்துக் கொடுத்தால், வயதான உறுப்பினர்கள் ஏஜண்டு நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது நிற்கும். கடை வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் அனுபவத்தையும் இந்த இதழுக்கு எழுதவேண்டும். வாடகைக்குக் கடை எடுத்து நடத்தும் அன்பர்கள் எழுதினால் இன்னும் நல்லது.